பொங்கல் லீவில் ஆமை நடைக்குப் பிள்ளையைக் கூட்டிட்டுப் போகலாமா?

பெரம்பூர்_அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். என் பொண்ணு ஆறாவது படிக்கிறா. ஸ்கூல்ல யாரோ வந்து பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி கடலாமை) பத்திப் பேசிட்டுப் போனாங்களாம், அன்னிலேர்ந்து வீட்ல வேற பேச்சே இல்ல. நீலாங்கரையிலேர்ந்து பெசன்ட் நகர் வரைக்கும் கடற்கரையோரமா ஆமை முட்டையைத் தேடி ராத்திரி நடக்கறாங்களே, பொங்கல் லீவுல அதுக்குக் கூட்டிட்டுப் போகலாம்னு இருக்கேன். ஜனவரியிலயே ஆமை வருமா? இந்த வயசுப் பிள்ளையால அவ்வளவு தூரம் மணல்ல நடக்க முடியுமா? பனியில சளி பிடிச்சுக்கும்னு மாமியார் வேற சொல்றாங்க. 2025 ஜனவரியில ஆமையெல்லாம் செத்துக் கரை ஒதுங்கினதைப் பேப்பர்ல பார்த்தேன். அப்படி எதையாவது பார்த்துப் பயந்துடுவாளோன்னும் இருக்கு. போயிட்டு வந்தவங்க சொல்லுங்களேன்.

வேளச்சேரிவாசி:

போன சீசன்ல நாங்க குடும்பத்தோட போனோம். விடிய விடிய நடந்தும் ஒரு ஆமைகூடக் கண்ணுல படல. பையன் அழுதே விட்டான். சின்னப் பிள்ளைன்னா முட்டுக்காடு போட் ஹவுஸ் கூட்டிட்டுப் போங்க, அதுதான் நல்லது.

மணல்தடம்:

அக்கா, தாராளமா கூட்டிட்டு வாங்க. காலேஜ் படிக்கிறப்போ இந்த நடையில வாலண்டியரா இருந்தேன். இப்ப வேலைக்குப் போறேன், ஆனாலும் தை பொறந்துட்டா சனிக்கிழமை ராத்திரி வீட்ல இருப்புக் கொள்ளாது.

வேளச்சேரி சார் சொல்றது நடக்கக்கூடியதுதான். அதனால "ஆமை பார்க்கப் போறோம்"னு சொல்லிப் பிள்ளையைக் கிளப்பாதீங்க. "முட்டை நாய் வாய்க்குப் போறதுக்கு முன்னாடி எடுக்கப் போறோம்"னு சொல்லுங்க. அப்படி வர்ற பிள்ளைங்க தடம் கிடைச்சாலே குதிக்கும்.

ஆமை ஜனவரியிலயே வரத் தொடங்கிடும். ஆனா பிப்ரவரி, மார்ச்சுலதான் நிறைய. பொங்கல் சமயத்துல ஒரு கூடு கிடைச்சாலே அதிர்ஷ்டம். தேதியைத் தள்ளிப்போட முடியும்னா பிப்ரவரி கடைசியில ஒரு வெள்ளி, சனி பாருங்க. இதை நடத்துறது எஸ்எஸ்டிசிஎன் (ஸ்டூடண்ட்ஸ் சீ டர்ட்டில் கன்சர்வேஷன் நெட்வொர்க்), மாணவர்களே 1988ல தொடங்கி இன்னிக்கு வரைக்கும் மாணவர்களே நடத்துற அமைப்பு. ராத்திரி பதினொன்றரை வாக்குல கிளம்பினா 6, 7 கிலோமீட்டர். நடுவுல உட்கார்ந்து உட்கார்ந்துதான் போவாங்க. ஆறாவது படிக்கிற பொண்ணு நடந்துடுவா, ஆனா அன்னிக்கு மத்தியானம் கட்டாயம் தூங்க வையுங்க.

தடம் எப்படி இருக்கும்னு அவளுக்கு முன்னாடியே சொல்லி வையுங்க. ஈர மணல்லேர்ந்து மேல ஏறிப் போகும். ரெண்டு பக்கமும் துடுப்பு மாத்தி மாத்திப் பதிஞ்ச குறி இருக்கும், நடுவுல வயிறு இழுத்த வழுவழுப்பு. ஏறின தடமும் இறங்கின தடமும் சந்திக்கிற இடத்துல மணல் கலைஞ்சு கிடக்கும். அங்க ஒரு கம்பியை மெதுவா ஊன்றிப் பார்ப்பாங்க. எங்க ஊன்றினாலும் கெட்டியா இருக்கும், ஒரே ஒரு இடத்துல மட்டும் பொதுக்குனு இறங்கும். அதோட கம்பியை ஓரமா வெச்சிட்டுக் கையாலதான் தோண்டணும். குப்புறப் படுத்துட்டுக் கையை முழுசா உள்ள விட்டாத்தான் கடைசி முட்டை எட்டும். டேபிள் டென்னிஸ் பந்து அளவு, ஆனா ஓடு தோல் மாதிரி லேசா அமுங்கும். நூறு, நூத்தியிருபது முட்டை இருக்கும். எண்ணிப் பையில வெச்சு, குழியோட ஆழத்தையும் கழுத்து அகலத்தையும் அளந்து, பெசன்ட் நகர் பொரிப்பகத்துல அதே அளவுல குழி எடுத்துப் புதைப்பாங்க. எல்லாம் சில மணி நேரத்துக்குள்ள முடியணும். நேரம் போச்சுன்னா கரு ஓட்டோட உள்பக்கம் ஒட்டிக்கும், அப்புறம் முட்டை புரண்டா கரு செத்துடும்.

அங்கயே விட்டுடக் கூடாதான்னு அவ கேட்பா. எல்லாப் பிள்ளைங்களும் கேட்கும். நாய் ஒரு காரணம், வெளிச்சம் இன்னொரு காரணம். குஞ்சு வெளிய வந்ததும் எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் ஓடும். வெறும் கடற்கரைன்னா அது கடல் பக்கம்தான். நம்ம ஊர்ல தெருவிளக்கும் பீச் வீடுங்களோட ஃபோகஸ் லைட்டும் இருக்கிறதால ரோட்டைப் பார்த்து ஓடுதுங்க. விடிஞ்சா காக்கா, வெயில், வண்டிச் சக்கரம். அதனால கையெடுத்துக் கேட்டுக்கறேன், நடையில மொபைல் லைட்டைப் போடாதீங்க. தாய் ஆமை கரையேறும்போது ஒரு ஃபிளாஷ் அடிச்சாப் போதும், முட்டை போடாமலே திரும்பிடும். முட்டை போட எவ்வளவு தூரம் நீந்தி வந்திருக்கும்! நமக்கு ஒரு போட்டோ பெருசா? பத்து நிமிஷத்துல கண்ணு இருட்டுக்குப் பழகிடும், நிலா இல்லாத ராத்திரியிலகூட அலை நுரை தெரியும்.

செத்த ஆமை கண்ணுல படலாம், அதை மறைக்க முடியாது. வாலண்டியருங்க நின்னு அதோட முதுகு ஓட்டை அளந்து குறிச்சுக்குவாங்க. நீங்களும் பக்கத்துல நின்னு பிள்ளைகிட்ட நிஜத்தைச் சொல்லுங்க. அந்த வயசுல தாங்கிக்குவாங்க.

கட்டுமரம்:

செத்த ஆமை பத்திக் கேட்டதால நானும் எழுதறேன். நாங்க கடலுக்குப் போற குடும்பம். ஆமைக்கு மீன் மாதிரி செவுள் கிடையாது, மேல வந்து மூச்சு விட்டுட்டுத்தான் திரும்ப உள்ள போகும். இழுவைப்படகு மடியை, அதாவது பை மாதிரி இருக்கிற வலையை, தண்ணிக்கடியில மணிக்கணக்கா இழுத்துட்டே போகும். அதுல மாட்டுனா மேல வர வழியில்ல, மூச்சுமுட்டிச் சாகும். அதான் கண்ணு பிதுங்கி, கழுத்து வீங்கிக் கரை ஒதுங்குது. கரையிலேர்ந்து 5 கடல் மைலுக்குள்ள இழுவைப்படகு வரக்கூடாதுன்னு சட்டம் இருக்கு. மடியில ஆமை வெளியேற வழி வெச்சுத் தைக்கிற கருவியும் இருக்கு. ரெண்டையும் ஒழுங்கா நடத்தினாலே பாதிச் சாவு நிக்கும்னு நான் நம்பறேன்.

எங்க ஃபைபர் போட்டு வலையில மாட்டுனா வலையை அறுத்து விட்டுடுவோம். வலை போனா எங்க காசுதான், இருந்தாலும் அறுத்துடுவோம். பேப்பர்ல மீனவன்னு ஒரே வார்த்தையில எல்லாரையும் சேர்த்து எழுதறப்போ வயிறு எரியுது. பிள்ளைகிட்ட இந்த வித்தியாசத்தையும் சொல்லுங்கம்மா.

பெரம்பூர்_அம்மா:

ரொம்ப நன்றி தம்பி. கட்டுமரம் அண்ணா, நீங்க எழுதினதை அவளுக்கு அப்படியே படிச்சுக் காட்டினேன். பிப்ரவரிக்கே தள்ளி வெச்சுட்டேன். பாத்ரூம் வசதி இருக்குமா? என்ன டிரஸ் போட்டு விடணும்?

மணல்தடம்:

வழியில பாத்ரூம் கிடையாதுக்கா, வீட்லயே முடிச்சிட்டு வந்துடுங்க. கருப்போ கருநீலமோ முழுக்கைச் சட்டை, பேன்ட். வெள்ளை வேண்டாம். மப்ளர் ஒண்ணு இருந்தாப் போதும், நடக்க ஆரம்பிச்சா குளிர் தெரியாது. செருப்பைக் கையில பிடிக்கறா மாதிரி இருக்கட்டும், ஆனா கண்ணாடிச் சில்லு கிடக்கும், வாலண்டியர் சொல்ற இடத்துல போட்டுக்கணும். தண்ணி, பிஸ்கட் கொண்டு வாங்க, கவரைத் திரும்ப எடுத்துட்டுப் போயிடுங்க.

மாமியாரையும் அழைச்சிட்டு வரணும்னா மார்ச்சுல ஒரு சாயந்திரம் குஞ்சு விடறதைப் பார்க்க வர்றது சரியா இருக்கும். முட்டை பொரிய 45லேர்ந்து 60 நாள் ஆகும். ஆரம்பத்துல போட்ட முட்டைக்கு மணல் குளிர்ச்சியா இருக்கிறதால நாள் கூடுதல், ஆண் குஞ்சும் அதிகம். வெயில் ஏற ஏறப் பெண் குஞ்சு அதிகமாகும். பொரிச்ச குஞ்சுங்களை இருட்டற நேரத்துல பொரிப்பகத்துக்கு முன்னாடியே கடலுக்கு விடுவாங்க. கட்டின கயித்துக்கு இந்தப் பக்கம் நின்னுக்கணும், காலை அசைக்கக் கூடாது, ஏன்னா வழிதவறின குஞ்சு காலடிக்கே வந்துடும். கிளம்பறதுக்கு முன்னாடி அன்னிக்குக் குஞ்சு விடறாங்களான்னு எஸ்எஸ்டிசிஎன் இணையப் பக்கத்துல பார்த்துக்கோங்க, பொரிக்காத நாள்ல ஒண்ணும் இருக்காது.