கர்ப்பம் உறுதியானதும் மனச்சோர்வு மாத்திரையை நிறுத்தலாமா?

நடுநிசி: செர்ட்ராலின் 50 மி.கி. எடுப்பவருக்குக் கர்ப்பம் உறுதியானால், முதல் மூன்று மாதமாவது நிறுத்திவைக்கலாம் என்பேன். உறுப்புகள் உருவாகும் நேரம் அது. அதே வகை மாத்திரையான பராக்செடினுக்கு 2005இல் சிசுவின் இதயக் குறைபாடு பற்றி எச்சரிக்கை வந்ததே?

மாத்திரைச்சீட்டு: பராக்செடினைக் காட்டி செர்ட்ராலினுக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள். நிறுத்தினால் ஆபத்தே இல்லை என்பதும் தப்புக்கணக்கு. சோர்வு திரும்பினால் சாப்பாடும் தூக்கமும் கெடும், செக்கப் தவறும், சிகரெட் கூடும். குறைப்பிரசவமும் எடைக்குறைவும் அந்தப் பக்கமும் இருக்கின்றன. 2006இல் வந்த ஆய்வில் நிறுத்தியவர்களில் 68% பேருக்கு நோய் திரும்பியது, தொடர்ந்தவர்களில் 26%.

நடுநிசி: அந்தப் பெண்கள் சிறப்பு மையங்களில் சிகிச்சை பெற்றவர்கள், பலருக்கும் நோய் திரும்பத் திரும்ப வந்தது. 2011இல் பொதுவான கர்ப்பிணிகளிடம் பார்த்தபோது அந்த வித்தியாசம் தெரியவில்லை. ஒரே முறை லேசாக வந்துபோனவர் ஏன் தொடர வேண்டும்? மாத்திரையால் சிசுவுக்கு நுரையீரல் ரத்த அழுத்தம் கூடும் ஆபத்து வேறு.

மாத்திரைச்சீட்டு: அது 1000 பிறப்புக்கு ஏறக்குறைய 2 என்பது 3 ஆகும், அவ்வளவுதான். அடிக்கடி பார்ப்பது வேறு: சுமார் 30% குழந்தைகளுக்கு நடுக்கம், வேகமூச்சு, பால் குடிக்கத் திணறல். பெரும்பாலும் சில நாளில் அடங்கிவிடும். லேசான நோய் என்றால் நிறுத்தலாம்தான். ஆனால் ஒரே நாளில் அல்ல. மருத்துவர் மேற்பார்வையில் 25க்கு இறக்கி, சில வாரம் பார்த்து, பிறகு. கூடவே கவுன்சலிங் வேண்டும்.

லேபர்வார்டு: செர்ட்ராலினுக்கே இவ்வளவு சண்டையா? பயப்பட வேண்டியது வலிப்புக்கும் இருமுனைக் கோளாறுக்கும் தரும் வால்ப்ரோயேட்டுக்கு. 100 குழந்தைகளில் சுமார் 10 பேருக்குப் பெரிய பிறவிக் குறைபாடு. 30-40 பேருக்கு வளர்ச்சிச் சிக்கல். சிசுவின் மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் நரம்புக்குழாய் கருத்தரித்த 28 நாளில் மூடிவிடும், அதாவது மாதவிடாய் தள்ளி இரண்டே வாரம். டெஸ்ட் பண்ணி, டாக்டரைப் பார்ப்பதற்குள் காரியம் முடிந்திருக்கும். அதனால் மருந்தைக் கர்ப்பத்துக்கு முன்பே மாற்ற வேண்டும். வலிப்புக்காக எடுப்பவர் தானாக நிறுத்தவும் கூடாது.

இருமுனைக் கோளாறுக்குத் தரும் லித்தியத்தின் கதை வேறு. கர்ப்பத்தில் சிறுநீரகம் அதிகம் வடிகட்டுவதால் ரத்தத்தில் அளவு இறங்கும். நான்கு வாரத்துக்கு ஒருமுறை, 36ஆம் வாரத்திலிருந்து வாராவாரம் பார்க்க வேண்டும். பிரசவம் ஆனதும் டோஸைக் குறைக்க மறந்தால் நச்சு அளவுக்கு ஏறும்.

நடுநிசி: வால்ப்ரோயேட்டில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. போதைப்பழக்கம் இருந்தால்? அதையாவது அன்றே நிறுத்தச் சொல்வீர்களா?

லேபர்வார்டு: சிகரெட்டை, ஆம். ஹெராயினை அப்படி விட்டால் விலகல் வேதனை. உடனே மறுபடி தொட்டு, அளவு மீறிப்போகும் ஆபத்து. அங்கே ஹெராயினுக்குப் பதிலாக மருத்துவர் தரும் புப்ரெனார்ஃபின் அல்லது மெத்தடோன்தான் வழி. தினமும் நிறையக் குடிப்பவர் சட்டென விட்டால் வலிப்பு வரலாம், அட்மிட் பண்ணித்தான் நிறுத்த வேண்டும்.

நடுநிசி: சரி. ஆனால் லேசான மனச்சோர்வுக்கு முதலில் கவுன்சலிங், பிறகே மாத்திரை. அதில் நான் இறங்கிவரப் போவதில்லை.

மாத்திரைச்சீட்டு: புதிதாக ஆரம்பிப்பவருக்கு அது சரி. ஏற்கெனவே மாத்திரையில் நன்றாக இருப்பவரிடம் அதைச் சொல்லாதீர்கள்.