அமெரிக்கத் தடுப்பு முகாமில் அக்கா மகன்: நாள் கூலி ஒரு டாலரா?

வெள்ளகோவில் தறிக்காரன்:
அக்கா மகன் மெக்சிகோ எல்லையில் பிடிபட்டு மூன்று மாதமாகிறது. ஏஜெண்டுக்குக் கொடுக்கத் தென்னந்தோப்பை விற்றோம். அந்தக் கதை இப்போது வேண்டாம். ஏதோ ஒரு கம்பெனி நடத்தும் முகாமில் இருக்கிறானாம். ஐம்பது பேருக்கு ஒரே கூடம். இரவிலும் விளக்கை அணைப்பதில்லை, துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்குகிறான். சமையல்கட்டில் பாத்திரம் கழுவினால் நாளுக்கு ஒரு டாலராம். நூடுல்ஸ் வாங்கவும் வீட்டுக்குப் பேசவும் அது பற்றவில்லை, "பணம் போடுங்கள் மாமா" என்கிறான். என் தறிக்கூடத்தில் தார் சுற்ற வரும் பாட்டியிடம் இந்தக் கூலியைச் சொன்னால் தாரைத் தூக்கி என் மேல் எறிவாள். பையன் பொய் சொல்கிறானா? என்ன தண்டனை, எத்தனை வருடம்?

டெக்சஸில் கோபிக்காரன்:
பொய் இல்லை அண்ணா. அந்த ஒரு டாலர் 1978-ஆம் நிதியாண்டில் அமெரிக்க நாடாளுமன்றம் வைத்த கணக்கு. 'விருப்ப வேலை' என்று பெயர் வேறு! வாஷிங்டன் மாநிலத்தில் டகோமா முகாமை நடத்தும் ஜியோ குரூப் என்ற தனியார் கம்பெனி, இப்படிக் கூலி கொடுத்ததற்காக 1.73 கோடி டாலர் பாக்கி தர வேண்டும் என்று 2021-ல் ஜூரி சொன்னது. அது அந்த மாநிலத்துக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தால் வந்தது. நம் பையனுக்குத் தானாக வராது.

சட்டப்படி இது தண்டனையே இல்லை, சிவில் காவல். அதாவது, குடியேற்ற வழக்கு முடியும்வரை பிடித்து வைப்பது. ஜெயில் கைதிக்காவது விடுதலைத் தேதி உண்டு, இவனுக்கு அதுவும் இல்லை. அரசு செலவில் வக்கீலும் கிடையாது. அவனுடைய 'ஏ' நம்பரை, அதாவது குடியேற்றத் துறை அவனுக்குக் கொடுத்த பதிவு எண்ணைக் கண்டுபிடியுங்கள். அதையும் பிறந்த நாட்டையும் குடியேற்றத் துறையின் இணையதளத்தில் போட்டால் எந்த முகாம் என்று தெரியும்.

அவிநாசி அக்கா:
தம்பி, "உள்ளே ஆள் இருக்கிறது, வெளியே எடுத்துவிடலாம்" என்று எவனாவது வருவான். எங்கள் பங்காளி வீட்டில் ஒருவன் வந்து இரண்டு லட்சம் வாங்கிக்கொண்டு போனான். அதற்குப் பிறகு அவன் போன் எடுக்கவில்லை. புரியாத தாளில் பையன் கையெழுத்துப் போட்டானா என்றும் கேளுங்கள்.

வெள்ளகோவில் தறிக்காரன்:
நம்பர் கிடைத்தது. மளிகைச் சீட்டின் பின்பக்கம் எழுதி அரிசி டிரம்முக்குள் போட்டிருக்கிறாள் அக்கா. கடைசி எழுத்து ஒன்றா ஏழா என்று அவளுக்கே தெரியவில்லை. ஏழு போட்டதும் பெயர் வந்தது. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவான், கையெழுத்து விஷயம் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.