மில்லில் தரம்: உங்களை உறுத்திக்கொண்டிருக்கிற ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள்

சுன்னாகம் கணக்கர்

எங்கள் மில்லில் கறித்தூள், மிளகாய்த்தூள், அரிசிமா மூன்றும் அரைத்துப் பக்கெற்றில் அடைக்கிறோம். முதலாளி மொத்தத் தர முகாமைத்துவம், அதாவது வேலையிடத்தில் எல்லோரும் சேர்ந்து தரத்தைப் பார்க்கிற முறை, அதில் பயிற்சி ஒன்றுக்குப் போய்வந்த கையோடு சுவர் முழுக்க அட்டை ஒட்டினார். ஒரு பக்கம் வேலையிடத்தை ஒழுங்காகவும் துப்புரவாகவும் வைக்கிற ஜப்பான் முறையான ஐந்து 'எஸ்', மற்றப் பக்கம் திட்டமிடு–செய்–சரிபார்–திருத்து வட்டம். நடுவில் பெரிய எழுத்தில், ஒரு நாளைக்கு எத்தனை பக்கெற் முடிய வேண்டும் என்ற இலக்கு.

மாரி முடியும் நேரம் லண்டன் கடையிலிருந்து முறைப்பாடு வந்தது. தூள் கட்டிபட்டு, பூஞ்சண மணம் அடிக்கிறதாம். கூட்டம் வைத்தோம். முதலாளி செத்தல் மிளகாய் தந்தவரைச் சந்தேகப்பட்டார். மெசின் அண்ணை மழை ஈரம் என்றார். அப்போது எங்களுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்த பக்கெற் கட்டுகிற அக்கா, தட்டை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "ஐயா, அது பைக்குள்ளை வேர்க்கிறது. அரைச்ச சூட்டோடை கட்டினால் வேர்க்காமல் என்ன செய்யும்?"

"ஏன் இதை முதலே சொல்லேல்லை?" என்று முதலாளி கேட்டார்.

அக்கா ஒன்றும் பேசவில்லை. சுவரில் இருந்த அந்த எண்ணிக்கையை விரலால் காட்டினார்.

அதுதான் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. வறுத்து அரைத்த தூளைச் சூடு ஆறாமல் அடைத்தால் ஆவி பைக்குள்ளேயே தண்ணீராகித் தூளில் இறங்கும். அதைத் தினமும் கையால் தொட்டு அறிந்தவர் அவர் ஒருவர்தான். தரத்தைப் பற்றிப் பேசக் கூடிய கூட்டத்துக்கு அவரை ஒருவரும் அழைக்கவில்லை.

கொடிகாமம் நெல்லு மில்

கணக்கர் சொல்வது சொந்தச் சரக்கு வாங்கி விற்கிறவர்களுக்குச் சரி. நாங்கள் கூலிக்குக் குத்துகிறவர்கள். காலபோகம் வெட்டி முடிந்தால் வாசலில் லான்ட்மாஸ்டர் வரிசை நிற்கும். ஒவ்வொருவர் சாக்கிலும் ஒவ்வொரு விதமான நெல்.

ஒரு பெரியவர் மொட்டைக்கறுப்பன் புழுக்கிக் காயவைத்துக் கொண்டுவந்தார். குத்தினால் பாதி குறுணல். "உன்ரை மெசின் என்ரை நெல்லைத் திண்டிட்டுது" என்று சனத்துக்கு முன்னால் கத்தினார். உமி கழற்றுகிற ரப்பர் உருளைகளின் இடைவெளி அன்று காலைதான் பார்த்தது. அவருடைய சாக்கில் மிச்சம் கிடந்த ஒரு நெல்லை எடுத்து, நகத்தால் உமியைக் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்தேன். மணியின் குறுக்கே வெடிப்பு. மெசினுக்குள் போகாத நெல் அது.

புழுக்கிய நெல்லைச் சீமெந்து முற்றத்தில் ஒரே மூச்சில் கடும் வெயிலில் காயவிட்டால் வெளிப்பக்கம் சுருங்கும், உள்ளே ஈரம் நிற்கும், மணி வெடிக்கும். ஈரப்பதன் 16 – 18 வீதத்துக்கு இறங்கியதும் குவித்து மூடிச் சில மணி நேரம் விட்டு, பிறகுதான் 14 வீதம் வரை காயவிட வேண்டும். பெரியவர் அந்த மணியை வாங்கிக் கனநேரம் பார்த்தார். கூலியை வைத்துவிட்டுப் போனவர் திரும்ப எங்களிடம் வரவே இல்லை. அது எனக்கு மனவருத்தம்.

தரம் அவரவர் முற்றத்திலேயே முடிந்துவிடுகிறது, பழி மட்டும் மில்லுக்கு வருகிறது. ஜப்பான் தொழிற்சாலை முறையை வைத்து நான் இங்கே என்ன செய்ய?

மானிப்பாய் அம்மா

மகளுக்கு அப்போது எட்டு மாதம். குரக்கன் அரைப்பித்துக் கூழ் காய்ச்சி முதல் கரண்டியை வாயில் வைத்ததும் பிள்ளை வீரிட்டு அழுதது. உதடு சிவந்துபோனது. நான் நாக்கில் வைத்துப் பார்த்தேன். மிளகாய் உறைப்பு! எனக்கு முன்னால் யாரோ செத்தல் அரைத்திருக்கிறார்கள்.

மில்லில் போய்க் கேட்டால், "முதல் வாற மாவைத் தள்ளிப்போட்டுத்தான் எடுக்கோணும் தங்கச்சி, தெரியாதே?" என்கிறார்கள். எனக்கு எப்படித் தெரியும்? சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தானே.

கொடிகாமம் அண்ணை, அந்தப் பெரியவருக்கு நெல்லின் வெடிப்பைக் குத்தின பிறகு காட்டினீர்கள். சாக்கை இறக்கும்போதே காட்டியிருந்தால் அவர் சனத்துக்கு முன்னால் கத்தவும் மாட்டார், உங்களை விட்டுப் போகவும் மாட்டார்.

திருநெல்வேலி, ஓய்வுபெற்ற பயிற்றுநர்

கொடிகாமத்தாருக்கு முதலில் பதில். தர முகாமைத்துவத்தில் பேர்போன அமெரிக்கர் டெமிங் 1950இல் ஜப்பானில் விரிவுரை செய்தபோது வரைந்து காட்டிய படத்தில் தொழிற்சாலை நடுவில் ஒரு பகுதி மட்டுமே. மூலப்பொருள் தருகிறவர் ஒரு முனையில், பாவிக்கிறவர் மறுமுனையில். உங்களுக்கு இரண்டு முனையும் ஒரே ஆள், அதுவும் உங்கள் வாசலுக்கே வருகிறார். பெரிய கம்பனிக்குக் கிடைக்காத வசதி இது. அடுத்தது, டெமிங்கின் 14 கோட்பாடுகளில் பயத்தை விரட்டுவதும், வேலைத் தளத்திலிருந்து எண்ணிக்கை இலக்கை எடுத்துவிடுவதும் இருக்கின்றன. கணக்கரின் முதலாளி வட்டத்தை ஒட்டினார், அந்த இரண்டையும் விட்டுவிட்டார்.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். நெல்லு மில்லில் ஈரமானி வாசலில் இருக்க வேண்டும், அலுமாரியில் அல்ல. நிறுக்க முதல் அளந்து, வாசிப்பை நெல்காரருக்குக் காட்டி, ஒரு கொப்பியில் இனம், ஈரம், எத்தனை கிலோ நெல்லுக்கு எத்தனை கிலோ அரிசி, எவ்வளவு குறுணல் என்று எழுதுங்கள். போகம் முடிய அதைப் புரட்டினால் பிழை மெசினிலா முற்றத்திலா என்று சண்டை இல்லாமல் தெரியும். ரப்பர் உருளை இரண்டில் வேகமாகச் சுற்றுவது கெதியில் தேயும், அதனால் இடையிடையே இரண்டையும் இடம் மாற்றிப் பூட்டுங்கள்.

மா அரைக்கிறவர்கள் மிளகாய்க்குத் தனி மெசின் வைப்பதே நல்லது. முடியாவிட்டால் காலையில் அரிசிமா, பிறகு குரக்கன், ஒடியல், பின்னேரம் மல்லி, கடைசியாகச் செத்தல் என்று நேரம் பிரித்து வாசலில் எழுதிப் போடுங்கள். இரவில் மெசினைத் திறந்து துடைத்து, விடிய மில் அரிசியில் இரண்டு பிடி ஓடவிட்டுக் கழித்துவிடுங்கள். அந்த இரண்டு பிடி உங்கள் செலவு, வாடிக்கையாளரின் மாவில் கழிக்கக் கூடாது. அரிதட்டைத் தினமும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தூள் விழுகிற வாயில் காந்தம் வையுங்கள். பூஞ்சணத்தை மணப் பிரச்சினை என்று மட்டும் நினைக்காதீர்கள். அதிலிருந்து அஃப்லாடொக்சின் என்ற நஞ்சு உண்டாகலாம், சமைக்கிற சூட்டில் அது முழுதாக அழியாது.

அனுபவம் கேட்டிருந்தீர்கள். ஒரு மில்லில் காலையில் காந்தத்தை வைத்துப் பின்னேரம் எடுத்தபோது கறுப்புத் தாடி மாதிரி இரும்புத் துகள் தொங்கியது. அரைக்கிற தட்டு இரண்டும் ஒன்றோடொன்று உரசியிருக்கிறது. முதலாளி அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு அன்றைக்கே தட்டு மாற்றினார்.

கொடிகாமம் நெல்லு மில்

ஈரமானி வாங்கலாம் ஐயா. நெல் சரியில்லை என்று திருப்பி அனுப்பினால் அவர் பக்கத்து மில்லுக்குப் போவார், அங்கே கேள்வி இல்லாமல் குத்திக் கொடுப்பார்கள். அதற்கு என்ன வழி?

திருநெல்வேலி, ஓய்வுபெற்ற பயிற்றுநர்

திருப்பி அனுப்ப வேண்டாம். அளந்து காட்டுங்கள், வெடிப்பையும் காட்டுங்கள், குத்துவதா கொண்டுபோய்க் காயவிடுவதா என்பதை அவரே சொல்லட்டும்.

சாவகச்சேரிப் பெடியன்

நான் மில்லில் வேலை செய்தவன். முதலாளிமார் கதைக்கிறீர்கள், அதனால் எழுதுகிறேன்.

தைப்பொங்கலுக்கு முதல் கிழமை, சனம் முட்டி நிற்கிறது. மா கரடாக விழுவதைக் கண்டு நிற்பாட்டித் திறந்து பார்த்தேன். அரிதட்டின் ஒரு ஓரம் கிழிந்து கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. கம்பித் துண்டு மாவுக்குள் போனால் யார் வயிற்றுக்குள் போகும்? முதலாளி வந்தார். நான் கையில் பிடித்திருந்த தட்டைப் பார்த்தார், வெளியே வரிசையைப் பார்த்தார். "பூட்டு, பொங்கல் முடியட்டும்" என்றுவிட்டுத் தானே சுவிட்சைப் போட்டார். அந்த மோட்டர் கிளம்பின சத்தம் எனக்கு மறக்காது. பொங்கல் முடிய என்னை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஐயா, காந்தமும் கொப்பியும் நல்லதுதான். ஆனால் மெசினை நிற்பாட்டுகிறவனுக்கு அடுத்த நாளும் வேலை இருக்க வேண்டும்.

சுன்னாகம் கணக்கரிடம் ஒன்று கேட்கிறேன். சுவரைக் காட்டின அக்கா இப்போதும் வேலையில் இருக்கிறாரா?

சுன்னாகம் கணக்கர்

இருக்கிறார் தம்பி. இலக்கு அட்டையைக் கழற்றியாயிற்று. அகலத் தட்டுகளில் தூளைப் பரப்பி மூடி ஆறவிடுகிறோம், அவர் கை வைத்துப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் கட்டுவது. பொறுப்பு கூடியதற்குச் சம்பளம் இன்னும் கூட்டவில்லை. இந்த மாதச் சம்பளக் கணக்கோடு முதலாளியிடம் அதையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.