வட்டுக்கோட்டைச் செமினறிப் பட்டியலில எங்கட ஆளைத் தேடின கதை

அம்மம்மாவின்ர வழியில ஒருத்தர் வட்டுக்கோட்டைச் செமினறியில படிச்சவர் எண்டு சின்னனில இருந்து கேட்டு வளர்ந்தனான், ஆனா ஆரிட்டயும் ஒரு துண்டு ஆதாரம் இல்லை. செமினறி எண்டா இப்ப யாழ்ப்பாணக் கல்லூரி இருக்கிற இடம்தான், 1823 இல அமெரிக்க மிஷன்காரர் தொடங்கினது, டானியல் பூர் முதல் அதிபர், 1855 இல மூடிட்டினம், பிறகு 1872 இலதான் கல்லூரியா வந்தது.

பழைய மாணவர் பட்டியல் ஒண்டின்ர போட்டோக்கொப்பி கிடைச்சு ஆசையா விரிச்சா, பக்கம் பக்கமா வெள்ளைக்காரப் பேருகள். எங்கட ஆளின்ர பேர் எங்கயும் இல்லை. விசாரிச்சாப் பிறகுதான் விளங்கிச்சு, அமெரிக்காவில இருந்து காசு அனுப்பிப் படிப்பிச்ச ஆக்களின்ர பேரையே பெடியளுக்கு வைச்சிருக்கினம். உதயதாரகை எண்ட பத்திரிகையை 1841 இல தொடங்கேக்க ஆசிரியரா இருந்த ஹென்றி மார்ட்டினும் சேத் பேசனும் எங்கட ஊர்ப் பெடியள்தான்! பாவலர் சரித்திர தீபகம் எண்டு தமிழ்ப் புலவர்மாரின்ர வரலாற்றை எழுதின ஆணல்ட் சதாசிவம்பிள்ளை, சென்னைப் பல்கலைக்கழகத்தின்ர முதல் பட்டதாரியள் ரெண்டு பேரில ஒருத்தரான கறோல் விசுவநாதபிள்ளை, இவையின்ர முன்பேரெல்லாம் இந்த வழியா வந்ததுதான். மற்றப் பட்டதாரி தொல்காப்பியம், கலித்தொகையெல்லாம் பதிப்பிச்ச சி.வை. தாமோதரம்பிள்ளை, அவரும் இதே செமினறி. சின்ன இடம், ஆனா அங்க படிச்சவை செய்த வேலையைப் பாருங்கோ.

எங்கட ஆளைப் பிடிச்சுத் தந்தது கடைசியில ஒரு காணி உறுதி. பெரியம்மா வீட்டு றங்குப்பெட்டிக்குள்ள அடியில கிடந்தது, மடிப்பு மடிப்பாக் கிழிஞ்சு, ஓரமெல்லாம் செல்லரிச்சு, தொட்டா உதிருது. அதில நொத்தாரிசு வெள்ளைக்காரப் பேரை எழுதி, "எனும்" போட்டு, பக்கத்தில அம்மம்மா சொன்ன அதே தமிழ்ப் பேரை எழுதியிருக்கிறார், கீழ எங்கட ஆளின்ர கையெழுத்து இங்கிலீசில, எழுத்து சரிஞ்சு சரிஞ்சு நல்ல வடிவா இருக்கு. பட்டியலைத் திரும்ப எடுத்தா ஊர் பேரோட ஆள் அங்கயே இருக்கிறார், முதல் தரம் பார்க்கேக்கயும் அந்த வரியில கண் பட்டதுதான். பெரியம்மா அழுதே விட்டா.

1855 இல ஏன் மூடினவை எண்டு நினைச்சா எனக்கு இப்பவும் மனசு கேக்காது. றூபஸ் அண்டர்சன் எண்டு மிஷன் மேலிடத்து ஆள் வந்து பார்த்தவர், இங்கிலீஸ் படிச்ச பெடியள் மிஷன் ஊழியத்துக்கு வராமல் அரசாங்க உத்தியோகத்துக்குப் போறாங்கள் எண்டது அவையின்ர கவலை. உத்தியோகத்துக்குப் போனவையும் ஊருக்கு எவ்வளவு செய்திருக்கினம், அதை ஆர் கணக்கில எடுத்தது?

தேடுற ஆக்களுக்கு ஒண்டு சொல்லுறன். மிஷன் கடிதங்கள், அறிக்கையள் கனக்க ஹாவர்டில ஹௌட்டன் நூலகத்தில கிடக்கு, உதயதாரகை போல பழசுகளுக்கு "நூலகம்" எண்ட இணையத்தளத்தைப் பாருங்கோ. ஆனா 1981 இல யாழ்ப்பாண நூலகத்தோட எரிஞ்சது போக மிச்சத்தில பாதி எங்கட வீடுகளிலதான் இருக்கு. உறுதி, சாதகம், கோயில் ரசீது எதையும் குப்பையெண்டு எரிக்காதேங்கோ, தமிழ்ப் பேரிலயும் மிஷன் பேரிலயும் ரெண்டிலயும் தேடுங்கோ.

உடுவிலில 1824 இல பொம்பிளைப் பிள்ளையளுக்குத் தொடங்கின பள்ளிக்கூடத்திலயும் இப்பிடித்தான் பேர் வைச்சவை. எங்கட ஆளைக் கட்டின ஆச்சியும் அங்கதான் படிச்சவ எண்டு ஒரு கதை இருக்கு, அந்தக் காலத்துப் பட்டியல் ஆரும் வைச்சிருந்தாச் சொல்லுங்கோ.