பிங் போகிறது, என்எஃப்எஸ் மட்டும் உறைந்து நிற்கிறது: உதவுங்கள்

பொம்மனஹள்ளிக்காரன்:
வணக்கம். பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு அனிமேஷன் கம்பெனியில் சிஸ்டம் அட்மின். புராஜெக்ட் ஃபோல்டர் எல்லா லினக்ஸ் மெஷினிலும் என்எஃப்எஸ் மவுன்ட், அதாவது சர்வரில் இருக்கும் ஃபோல்டரை நெட்வொர்க் வழியாக இணைத்திருக்கிறோம். வார இறுதியில் சுவிட்சை மாற்றினார்கள். திங்கள் காலையிலிருந்து மெஷின்கள் உறைகின்றன. டிஸ்க் இடத்தைக் காட்டும் டிஎஃப் கமாண்டை அடித்தால் திரும்பி வருவதே இல்லை, கன்ட்ரோல் சி-க்கும் அசையவில்லை. சிபியு சும்மா இருக்கிறது, லோடு ஆவரேஜ் (வேலைச் சுமையைக் காட்டும் எண்) மட்டும் ஏறுகிறது. லாகில் "சர்வர் நாட் ரெஸ்பாண்டிங், ஸ்டில் ட்ரையிங்". ஆனால் சர்வருக்குப் பிங் போகிறது, என்எஃப்எஸ்ஸுக்கான 2049 போர்ட்டும் திறக்கிறது. புதிதாக வந்த இரண்டு மெஷினில் மட்டும் தொந்தரவே இல்லை. மேனேஜர் எல்லாவற்றையும் சாஃப்ட் மவுன்டாக மாற்றச் சொல்கிறார். மாற்றட்டுமா?

அல்சூர் அண்ணாச்சி:
வேண்டாம் தம்பி. இப்போது இருப்பது ஹார்ட் மவுன்ட், சர்வர் பதில் சொல்லும்வரை விடாமல் கேட்டுக்கொண்டிருக்கும். சாஃப்ட் போட்டால் சில முயற்சிக்குப் பிறகு எர்ரர் கொடுத்துவிடும். அதைச் சரியாகக் கவனிக்காத சாஃப்ட்வேர் பாதி எழுதிய அனிமேஷன் ஃபிரேமை முழு ஃபிரேம் என்று நம்பிவிடும். ரெண்டர் வேலையில் அந்த ஆபத்து வேண்டவே வேண்டாம்.

லோடு ஏறுவதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். பதிலுக்காக அசையாமல் காத்திருக்கும் பிராசஸ்களையும் (டி-ஸ்டேட் என்பார்கள்) லினக்ஸ் அதில் சேர்த்துக்கொள்ளும். மவுன்ட் பட்டியல் பார்க்க டிஎஃப் வேண்டாம், ப்ராக் மவுன்ட்ஸ் (/proc/mounts) ஃபைலைப் படியுங்கள், அது தொங்காது.

அப்புறம், நான்கே ஃபைல் இருக்கும் ஃபோல்டர் திறக்கிறதா? பழைய மெஷின், புது மெஷின், இரண்டிலும் எம்டியு (ஒரே பாக்கெட்டில் போகக்கூடிய உச்ச அளவு, பைட்டில்) எவ்வளவு?

பொம்மனஹள்ளிக்காரன்:
ரீபூட் செய்த உடனே சின்ன ஃபோல்டர் திறக்கிறது அண்ணா. பெரியதைத் தொட்டால் போச்சு. பழையதும் சர்வரும் 9000, புதியது 1500.

அல்சூர் அண்ணாச்சி:
அப்படியென்றால் சுவிட்சில் ஜம்போ ஃபிரேம் (1500-ஐ விடப் பெரிய நெட்வொர்க் பாக்கெட்டை அனுமதிக்கும் வசதி) அணைந்திருக்கிறது. பழைய மெஷினும் சர்வரும் 9000 என்று பேசி வைத்துக்கொள்கின்றன. பெரிய ஃபிரேம் வந்தால் சுவிட்ச் யாருக்கும் சொல்லாமல் கைவிட்டுவிடும். பிங் சின்ன பாக்கெட், அதனால் தப்பிக்கிறது. புது மெஷின் 1500 என்று சொல்வதால் சர்வரும் அதற்குச் சின்னதாகவே அனுப்புகிறது. துண்டாக்கக் கூடாது என்ற ஆப்ஷனோடு பிங் அடியுங்கள்: முதலில் 1472, பிறகு 8972 (1500, 9000 இரண்டிலும் ஹெடருக்கு 28 பைட் போக).

தூங்காத அட்மின்:
சுவிட்ச் சரியாகும்வரை யூமவுன்ட் மைனஸ் எல் (மவுன்டைக் கழற்றும் கமாண்ட்) கொடுத்துவிடாதீர்கள். பெயர்தான் மறையும், உள்ளே மாட்டிய பிராசஸ் அப்படியே இருக்கும்.

பொம்மனஹள்ளிக்காரன்:
1472-க்குப் பதில் வந்தது, 8972-க்குச் சத்தமே இல்லை. சுவிட்ச் போட்டவரைக் கூப்பிட்டு ஜம்போவை எல்லா போர்ட்டிலும் ஆன் செய்ய வைத்தேன். கொஞ்ச நேரத்தில் லாகில் "சர்வர் ஓகே" வந்தது. தொங்கிய ரெண்டர்கள் விட்ட இடத்திலிருந்து தானாகவே ஓடுகின்றன, மிக்க நன்றி அண்ணா! இன்னொன்று: படிக்க மட்டும் ஒரு ஃபான்ட் ஃபோல்டர் இருக்கிறது. அதற்காவது சாஃப்ட் போடலாமா?

அல்சூர் அண்ணாச்சி:
அதற்குப் போடலாம், ரீட்-ஒன்லியும் சேர்த்துப் போடுங்கள். டைமியோ (பதிலுக்குக் காத்திருக்கும் நேரம்) எண் நொடியில் பத்தில் ஒரு பங்குக் கணக்கு. 600 என்றால் 60 நொடி, பார்த்துக் கொடுங்கள்.