தொட்ட பிறகு சொன்ன 'ஜடூப்'

கறுப்புயானை:
மாவட்டச் சதுரங்கப் போட்டி, நான்காவது சுற்று. எதிரே ஒரு பையன், பத்து வயது இருக்கும். மந்திரியைத் தொட்டுவிட்டேன். தூக்கக்கூட இல்லை, இரண்டு விரல் அதன் தலையில் பட்டது, அவ்வளவுதான். தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும், அது நகர்ந்தால் ராணி போய்விடும் என்று அப்போதுதான் தெரிந்தது. வாய் தானாக 'ஜடூப்' என்றது, நகர்த்த இல்லை, காயைச் சரியாக வைக்கத்தான் தொடுகிறேன் என்பதுபோல. கட்டத்தின் நடுவில் வைப்பதுபோல் லேசாகத் திருப்பினேன். அது ஏற்கெனவே நடுவில்தான் நின்றது. பையன் என் முகத்தைப் பார்க்கவில்லை, விரலையே பார்த்தான். நடுவரையும் கூப்பிடவில்லை. ஜெயித்தேன். ஆறு வருஷம் ஆகிறது, மறக்க முடியவில்லை.

சிசிலியன்64:
தப்புதான். ஆனால் பையன் நடுவரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். என் எதிராளி ராஜாவைத் தொட்டுவிட்டுச் சொன்னார். நான் கூப்பிட்டேன், ராஜாவையே நகர்த்த வைத்தார்கள். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர்கள் கவனியுங்கள்: முதலில் சொல், அப்புறம் தொடு. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் விதி 4.2 அதைத்தான் சொல்கிறது. 'ஜடூப்' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு 'நான் சரிசெய்கிறேன்' என்பதுதான் பொருள். பிரெஞ்சில்தான் சொல்ல வேண்டும் என்றில்லை, 'அட்ஜஸ்ட்' என்றாலும் செல்லும். முணுமுணுக்காமல் எதிராளி காதில் விழும்படி சொல்லப் பழக்குங்கள். புகார் செய்வதென்றால் தன் காயைத் தொடும் முன்பே செய்ய வேண்டும், நகர்த்தத் தொட்டுவிட்டால் அந்த உரிமை போச்சு. பெரிய ஆட்டக்காரர்களே இதில் பெயரைக் கெடுத்துக்கொண்டிருக்கிறார்கள். 1967இல் துனீசியாவின் சூஸ் நகரில் நடந்த இன்டர்சோனலில் (உலகப் பட்டத்துக்கான தகுதிப் போட்டி) யுகோஸ்லாவியாவின் மட்டுலோவிச், ஹங்கேரியின் பிலெக்குக்கு எதிராகத் தோற்கிற நகர்த்தல் ஒன்றை ஆடிவிட்டு, 'ஜடூப்' என்று சொல்லித் திரும்ப எடுத்தார். பிலெக் முறையிட்டும் பலனில்லை. 'ஜடூபோவிச்' என்ற பட்டப்பெயர் மட்டும் அவருக்கு ஒட்டிக்கொண்டது.

சிப்பாய்ப்பிரியன்:
சிசிலியன், முதலில் சொன்னால் மட்டும் போதாது. என் முறை, என் கடிகாரம் ஓடுகிறது. எதிரே இருந்தவர் 'ஜடூப், ஜடூப்' என்று ஒவ்வொரு சிப்பாயாக நேராக்கிக்கொண்டிருந்தார், என்னுடையதையும் சேர்த்து. யார் முறையோ அவர்தான் சரிசெய்யலாம் என்று அதே 4.2இல் இருக்கிறது, அதை நீங்கள் விட்டுவிட்டீர்கள். அன்று எனக்கே அது தெரியாது. கணக்கு எல்லாம் கலைந்து அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து வயதுப் பையன் எப்படி நடுவரைக் கூப்பிடுவான்?

வடக்குமேசை:
பாரிசில் லுக்சம்பர்க் தோட்டத்து மேசையில் ஒரு பெரியவரோடு ஆடினேன். குதிரையைத் திருப்பும் முன் 'ஜாடோபே' என்றேன், எழுத்துக்கூட்டிப் படித்தபடி. அவர் நிதானமாக 'ஜடூப்' என்று திருத்தினார். ஐரோப்பாவில் 'நைட்' என்ற வீரர் பட்டம் கொடுக்கும்போது தோளில் வாளால் தொடுவார்கள் இல்லையா, அதற்கும் இதே வினைச்சொல்தான் என்றார். வெட்டுப்பட்டு ஓரத்தில் கிடந்த குதிரையை எடுத்து, அதன் கழுத்தில் விரலை மெல்ல வைத்துக் காட்டினார். ஆட்டம் என்ன ஆனது என்று மறந்துவிட்டது, அந்த விரல் மறக்கவில்லை.

கறுப்புயானை:
சிசிலியன், அவன் கூப்பிட்டிருக்க வேண்டும் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். போன மாதம் ஒரு போட்டியில் அவனைப் பார்த்தேன், பக்கத்து மேசை. ஒரு சிப்பாய் கோடு தாண்டி நின்றது. கை இரண்டும் மடியில் இருக்க, தெளிவாக 'ஜடூப்' என்றான். எதிராளி நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருந்தான். அப்புறம்தான் கை மேலே வந்தது.