பம்ப் ஸ்டாப்பை வெட்டுவதா, விடுவதா?

வளைவுராஜா:
"லோயரிங் ஸ்பிரிங் போட்டால் பம்ப் ஸ்டாப்பை வெட்டியே ஆகவேண்டும். வெட்டாதவருக்கு சஸ்பென்ஷனைப் பற்றி எதுவும் தெரியாது." நேற்று இந்த மன்றத்தின் வேறோர் இழையில் தாழ்வாரம் என்பவர் உதிர்த்த முத்து இது. லோயரிங் ஸ்பிரிங் என்பது வண்டியைத் தாழ்த்தப் போடுவது. பம்ப் ஸ்டாப் என்பது ஷாக்கின் (சக்கரத்தின் குதிப்பை அடக்கும் குழாயின்) தண்டில் இருக்கும் நசுங்கும் தடுப்பு, சக்கரம் எல்லைமீறி மேலேறாமல் காப்பது. அங்கேயே பதில் சொல்லியிருப்பேன். ஆனால் அந்த இழையைத் தொடங்கியவர் பாவம், மடங்கி எழும் ஹெட்லைட்டின் மோட்டாரைப் பற்றிக் கேட்க வந்தவர். அதனால் தனி இழை.

பேசுவது முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5. 1989இல் வந்த வண்டி, எடை ஒரு டன்னை ஒட்டி, நான்கு சக்கரங்களுக்கும் இரட்டை விஷ்போன், அதாவது சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் மேல், கீழ் இரு கைகள். சக்கரம் மேலேறுவதற்கு இதில் இடம் முதலிலிருந்தே குறைவு. அது தெரிந்துதான் பம்ப் ஸ்டாப்பை வெறும் முட்டுக்கட்டையாக வைக்காமல் இரண்டாவது ஸ்பிரிங்காக வைத்தார்கள். நுனி மெலிந்திருக்கும், மெதுவாகத் தொடும், போகப்போக இறுகும். அதை வெட்டிப் போட்டால் அடுத்துத் தடுப்பதற்கு என்ன இருக்கிறது? ஷாக்குக்குள் இருக்கும் பிஸ்டன் அடியில் போய் இடிக்கும். இல்லையென்றால் டயர் மேலே இருக்கும் ஃபெண்டர் தகட்டில் உரசும்.

வெட்டக்கூடாது. அவ்வளவுதான்.

தாழ்வாரம்:
தீர்ப்பு வந்துவிட்டது, எல்லோரும் எழுந்து நில்லுங்கள்.

இரண்டாவது ஸ்பிரிங் என்கிறீர்கள், சரி. வண்டியை 30 மி.மீ. இறக்கிய பிறகு அந்த இரண்டாவது ஸ்பிரிங் எங்கே இருக்கிறது? சாதாரண சாலையில் நேராகப் போகும்போதே ஷாக்கின் தலையில் வந்து உட்கார்ந்திருக்கிறது. வளைவில் சாய்ந்தால் வெளிப்பக்கச் சக்கரத்தில் ஸ்டாப் நசுங்கி, அந்த மூலை மட்டும் கல்லாகிவிடும். பின்னால் அப்படி ஆனால் வால் சொல்லாமல் கொள்ளாமல் வெளியே போகும். ஈரச் சாலையில் எனக்குப் போயிருக்கிறது. இரண்டு கைகளையும் குறுக்கே போட்டு ஸ்டீயரிங்கைத் திருப்பிய அந்த நொடியில் வளைவுராஜா பக்கத்து இருக்கையில் இருந்திருந்தால் இந்த இழையே பிறந்திருக்காது.

அன்றைக்கு வெட்டினேன். அதற்குப் பிறகு வால் போகவில்லை.

வளைவுராஜா:
ஈரச் சாலையில் வால் போனதற்குப் பம்ப் ஸ்டாப் காரணமா, வலது கால் காரணமா?

ஒரு கணக்கு சொல்கிறேன். இறக்குவதற்கு முன் ஸ்டாப்பைத் தொட 60 மி.மீ. இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 இறக்கினால் மிச்சம் 30. அதே மேட்டில் ஏறும் அதே வேகத்தைப் பாதித் தூரத்துக்குள் அடக்க ஸ்பிரிங் நான்கு மடங்கு கெட்டியாக இருக்கவேண்டும். ஏனென்றால் தூரம் வர்க்கமாக வரும். ஆனால் அசலைவிட நான்கு மடங்கு கெட்டியான லோயரிங் ஸ்பிரிங்கை எந்தக் கடையும் விற்பதில்லை. பெரும்பாலானவை நூற்றுக்கு இருபது, முப்பது கூடுதல் இருந்தால் அதிகம். மிச்ச வேலையை யார் செய்வது? ஸ்டாப். அதைத்தான் நீங்கள் வெட்டுகிறீர்கள்.

தாழ்வாரம்:
நான் சொல்வதையே கணக்காகப் போட்டுவிட்டு எனக்கே பாடம் எடுக்கிறீர்கள். தூரம் போதவில்லை என்று உங்கள் கணக்கே சொல்கிறது. போதவில்லையென்றால் கூட்டவேண்டும். கூட்ட ஒரே வழி வெட்டுவது.

மூன்றாவது ஜாக்கி:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நீங்கள் இருவரும் எவ்வளவு வெட்டுவதைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று யாராவது சொன்னால் நல்லது. முழு ஸ்டாப்பா, பாதியா, ஒரு வளையமா? தடித்த முனையில் ஒரு வளையம் எடுத்து, மெலிந்த நுனியை அப்படியே விடுவது ஒரு வேலை. நுனியை வெட்டித் தடித்த பகுதியை விடுவது வேறு வேலை. முதலாவதில் தொடுதல் மென்மையாகவே இருக்கும். இரண்டாவதில் சுத்தியலால் அடித்ததுபோல் இருக்கும்.

இன்னொன்று. விஷ்போன் மூட்டில் இருக்கும் ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போதுதானே இறுக்கினீர்கள்?

வளைவுராஜா:
எவ்வளவு வெட்டினாலும் வெட்டுதான்.

தாழ்வாரம்:
எவ்வளவாக இருந்தாலும் வெட்டவேண்டும்.

நற்றமிழ்ப் பிஸ்டன்:
இத்தனை பேர் கூடி 'ஸ்பிரிங்', 'ஷாக்', 'பம்ப் ஸ்டாப்' என்று எழுதுகிறீர்கள். சுருள்வில் என்று பள்ளி இயற்பியல் புத்தகத்தில் அனைவரும் படித்ததுதானே? ஷாக் என்பதை அதிர்வுத் தணிப்பான் என்று எழுதினால் பொருளும் துல்லியமாகிறது: ஸ்பிரிங் தாங்குகிறது, இது தணிக்கிறது. இந்த வேறுபாடு புரியாததால்தான் பாதிச் சண்டை.

தாழ்வாரம்:
ஐயா, உங்கள் பெயரிலேயே பிஸ்டன் இருக்கிறது. முதலில் அதைத் தணியுங்கள்.

நற்றமிழ்ப் பிஸ்டன்:
உந்துதண்டு என்று வைக்கத்தான் நினைத்தேன். வேறொருவர் முந்திக்கொண்டார்.

வளைவுராஜா:
உந்துதண்டோ ஊன்றுகோலோ, இழையைத் திசைதிருப்பவேண்டாம். தாழ்வாரம் அவர்களே, ஷாக்கின் தண்டில் கேபிள் டை கட்டிப் பார்த்தீர்களா? தண்டின் பளபளப்பான பகுதியில் தளர்வாகக் கட்டி, ஷாக் உடலோடு ஒட்டி இறக்கிவிட்டு, வழக்கமான பாதையில் ஒரு சுற்று போய் வாருங்கள். ஷாக் எவ்வளவு நசுங்கியதோ அவ்வளவு தூரம் கேபிள் டை தண்டில் மேலேறி நிற்கும். நான் கட்டினேன். ஸ்டாப்பில் பாதிக்குமேல் மிச்சமிருந்தது. வெட்டாத ஸ்டாப். அசல் ஷாக்.

தாழ்வாரம்:
நீங்கள் எவ்வளவு இறக்கினீர்கள்?

வளைவுராஜா:
20.

தாழ்வாரம்:
இருபது! இருபது மி.மீ. இறக்கியவர் நாற்பது இறக்கியவனுக்கு உபதேசம். முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு நீச்சல் சொல்லித்தருகிறார்.

வளைவுராஜா:
மேலே 30 என்று எழுதியது நீங்கள்தான். இப்போது 40. கழுதை தேய்ந்து கட்டெறும்பானதைக் கேட்டிருக்கிறேன், கட்டெறும்பு கழுதையானதை இன்றுதான் பார்க்கிறேன்.

தாழ்வாரம்:
ஸ்பிரிங் பெட்டியில் 30 என்று இருந்தது. தரையிலிருந்து ஃபெண்டர் விளிம்புவரை அளந்தால் 40 இறங்கியிருக்கிறது. பெட்டியில் அச்சிட்டதை நம்புவதா, டேப்பை நம்புவதா?

வளைவுராஜா:
தரையிலிருந்தா அளந்தீர்கள்! டயர் என்ன?

தாழ்வாரம்:
195/45-15. முன்பு அசல் 185/60-14.

வளைவுராஜா:
அதுதானே பார்த்தேன். 185/60-14 என்றால் அகலம் 185 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 60 சதவீதம், ரிம் 14 அங்குலம். பழைய டயரின் விட்டம் ஏறக்குறைய 578 மி.மீ. புதியது 556 அல்லது 557. வித்தியாசம் 21, ஆரத்தில் பத்து. அந்தப் பத்து மி.மீ.யை இறக்கியது டயர், ஸ்பிரிங் அல்ல. சக்கரத்தின் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்புவரை அளக்கவேண்டும். அப்போது டயர் எதுவானாலும் கணக்கு மாறாது. இரண்டு சதவீதம் வாசிக்கத் தெரியாமல் ஸ்டாப்பில் கத்தி வைத்திருக்கிறீர்கள்.

போன வருடம் வீல் ஸ்பேசர் (சக்கரத்தை வெளியே தள்ள இடையில் வைக்கும் வளையம்) இழையிலும் இதே கதைதான். யார் எழுதியது என்று பெயர் சொல்லமாட்டேன்.

தாழ்வாரம்:
சொல்லுங்கள். நான்தான். அந்த ஸ்பேசர் இன்றைக்கும் வண்டியில் இருக்கிறது, ஒரு போல்ட் கழன்றதில்லை. அன்று "முதல் வாரத்திலேயே சக்கரம் தனியாக ஓடும்" என்று எழுதிய கை எது என்றும் சொல்லிவிடுங்கள்.

ஸ்பிரிங் 30 இறக்கியது என்றே வைத்துக்கொள்வோம். 30-க்கும் வெட்டவேண்டும்.

புதிதாய் வந்தவர்:
வணக்கம். இதே வண்டி வாங்கியிருக்கிறேன், ஸ்பிரிங் இன்னும் வாங்கவில்லை. சீரான ஸ்பிரிங் நல்லதா, போகப்போக இறுகும் ஸ்பிரிங் நல்லதா? அசல் ஷாக் போதுமா?

வளைவுராஜா:
25-க்குமேல் இறக்காதீர்கள், அசல் ஷாக் நல்ல நிலையில் இருந்தால் போதும். ஷாக்கில் எண்ணெய் கசிந்திருந்தால் முதலில் ஷாக், பிறகு ஸ்பிரிங். தளர்ந்த ஷாக்கில் கெட்டி ஸ்பிரிங் போட்டால் ஒரு மேட்டுக்கு மூன்று குதி குதிக்கும். எந்த ஸ்பிரிங் ஆனாலும் ஸ்டாப்பைத் தொடாதீர்கள். இறுகும் ஸ்பிரிங்கைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

மூன்றாவது ஜாக்கி:
அவர் பிறகு எழுதும்வரை நான் சொல்கிறேன். இறுகும் ஸ்பிரிங்கில் ஒரு பக்கம் சுற்றுகள் நெருக்கமாக இருக்கும். சில வகைகளில் அந்தச் சுற்றுகள் வண்டியின் எடையிலேயே ஒன்றோடொன்று ஒட்டிவிடும். அப்புறம் மிச்சமிருப்பது சீரான ஸ்பிரிங்தான். மாட்டும்போது ஸ்பிரிங்கின் வால்முனை அடித்தட்டில் இருக்கும் படியில் சரியாக உட்கார்ந்ததா என்று விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். ஒரு விரல் அகலம் தள்ளி நின்றாலும் சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் டக் டக் என்று கேட்கும். நானும் முதல்முறை பால் ஜாயிண்ட் என்னும் உருண்டை மூட்டு போய்விட்டது என்று நினைத்து அதை மாற்றியவன்தான்.

புஷ் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும்போது இறுக்கவேண்டாம். ரப்பர் உள்குழாயோடும் வெளிக்கூட்டோடும் ஒட்டியிருக்கிறது. தொங்கும் நிலையில் இறுக்கினால் வண்டி இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும். உயரமும் பொய்யாகத் தெரியும், ரப்பரும் சீக்கிரம் கிழியும். கடைசியில் வீல் அலைன்மெண்ட். வண்டி இறங்கினால் கேம்பரும் (சக்கரத்தின் சாய்வு) டோவும் (சக்கரம் உள்ளோ வெளியோ திரும்பி நிற்கும் அளவு) மாறும், டோ தப்பினால் டயரின் உள்விளிம்பு கம்பி தெரியும்வரை தேயும்.

தாழ்வாரம், புஷ் போல்ட்டைப் பற்றி நான் மேலே கேட்ட கேள்விக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. ஒருவேளை உங்கள் வால் போனதற்கே பின்பக்க டோ காரணமாக இருக்கலாம்.

தாழ்வாரம்:
அலைன்மெண்ட் பார்த்தேன். எப்போது என்று நினைவில்லை. பேச்சு டோவைப் பற்றியதல்ல, ஸ்டாப்பைப் பற்றியது.

நற்றமிழ்ப் பிஸ்டன்:
சீரமைப்பு.

வளைவுராஜா:
நினைவில்லையாம்! டோவைப் பார்க்காமல் ஸ்டாப்பை வெட்டிவிட்டு, வால் போகவில்லை என்று சாட்சி சொல்கிறார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். கேபிள் டை கட்டிப் படம் போடும்வரை உங்கள் பேச்சுக்கு என்னிடம் பதில் இல்லை.

மறந்துவிட்டேன், இன்னொன்றும் உண்டு. வெட்டிய ஸ்டாப்பின் மீதித் துண்டு தண்டில் நழுவுகிறதா என்று பார்த்தீர்களா? மறுபடியும் சொல்கிறேன், அது இரண்டாவது ஸ்பிரிங்.

தாழ்வாரம்:
பதில் இல்லை என்று சொல்லிவிட்டு அதற்குக் கீழேயே ஒரு பத்தி. நல்ல மௌன விரதம்.

புதிதாய் வந்தவர்:
25 மி.மீ. ஸ்பிரிங் வாங்கிவிட்டேன். பெட்டிக்குள் நான்கு பம்ப் ஸ்டாப்புகளும் தனியாக வந்திருக்கின்றன. அசலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இவை குட்டை.

தாழ்வாரம்:
கேட்டுக்கொள்ளுங்கள். குட்டை! தயாரித்தவருக்கே தெரிந்திருக்கிறது. 25-க்கே குட்டை.

வளைவுராஜா:
குட்டையாக வார்த்திருக்கிறார், வெட்டவில்லை. நுனியும் உடலும் சேர்த்து வடிவமைத்தது வேறு, ஆக்ஸா பிளேடால் அறுத்தது வேறு. இதில் என் கட்சிதான் ஜெயித்திருக்கிறது.

தாழ்வாரம்:
குட்டை குட்டைதான்.

புதிதாய் வந்தவர்:
வண்டி இப்போது ஜாக்கியில் நிற்கிறது, சக்கரங்கள் தொங்குகின்றன. விஷ்போன் போல்ட்டுகளை இப்படியே இறுக்கிவிடலாமா? மேலே ஏதோ படித்த நினைவு, தேடினால் கிடைக்கவில்லை.

வளைவுராஜா:
அது இருக்கட்டும். அந்தக் குட்டை ஸ்டாப்பின் இரண்டு முனைகளையும் கிட்டத்தில் படம் எடுத்துப் போடுங்கள். அறுத்த தடம் இருக்கிறதா என்று பார்த்துவிடுவோம்.